விசுவாசம் மட்டும் போதும் என்றால் நடத்தை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில், 16ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் திருச்சபையில் எழுந்த சீர்திருத்த இயக்கத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், விசுவாசம் இருந்தால் நடத்தை எப்படி இருந்தாலும் பாதகமில்லை என்பது புராட்டஸ்டண்டுகளின் கொள்கை என்றும், நற்செயல்களைச் செய்து மோட்சத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்பது கத்தோலிக்கரின் கொள்கை என்றும் பொருள்படும் ஒரு பத்தி இருந்தது. இரண்டுமே தவறு. பிற சமயத்தவர் இப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்களிலேயே பலர் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இதை எழுத நேர்ந்தது.

நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல் என்னும் இரண்டு உபதேசங்களையும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதே இந்தக் குழப்பத்துக்கு வேர். நீதிமானாக்கப்படுதல் என்பது, புராட்டஸ்டண்டு சபைகள் போதிக்கிறபடி, ஒரு தீர்ப்பு. பாவியான மனிதன் கிறிஸ்துவை விசுவாசிக்கும்போது, அவருடைய நீதியை அவனுக்குரியதாக எண்ணி, அவனைக் குற்றமற்றவன் என்று தேவன் அறிவிக்கிறார். இதில் பாதி, முக்கால் என்ற அளவுகள் கிடையா. அப்போஸ்தலனாகிய பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 4ஆம் அதிகாரத்தில் இதை நிறுவும் விதம் நுட்பமானது. இஸ்ரவேலரின் முற்பிதாவான ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரம் சொல்லுகிறது. உடன்படிக்கையின் அடையாளச் சடங்கான விருத்தசேதனத்தை அவன் பெறுவதோ 17ஆம் அதிகாரத்தில். எது முந்தியது என்று மட்டும் கேட்டு, சடங்கும் கிரியையும் (செயலும்) அந்தத் தீர்ப்புக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது என்று பவுல் காட்டிவிடுகிறார்.

பரிசுத்தமாக்கப்படுதல், அப்படித் தீர்ப்புப் பெற்ற மனிதனைப் பரிசுத்த ஆவியானவர் உள்ளும் புறமும் மாற்றிவரும் வேலை. இது வாழ்நாள் முழுவதும் நடக்கும்; ஆளுக்கு ஆள் அளவு வேறுபடும்; இடையில் தளர்ச்சியும் உண்டு. இம்மையில் இது முற்றுப்பெறாது என்பது லுத்தர் வழிவந்த லுத்தரன் மரபும் கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபும் தரும் போதனை. அன்பில் பூரணப்படுதல் இம்மையிலேயே கூடும் என்றார் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. பத்திரம் பதிவான அன்றே தத்துப்பிள்ளை முழு உரிமையுள்ள பிள்ளையாகிவிடுகிறது, ஆனால் அந்த வீட்டின் பேச்சும் பழக்கமும் அதற்குப் படிய வருடங்கள் ஆகின்றன. இரண்டு உபதேசங்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இத்தகையதே.

வேறுபடுத்துவது வேறு, பிரித்துவிடுவது வேறு. யாரைக் கிறிஸ்து நீதிமானாக்குகிறாரோ அவரைப் பரிசுத்தமாக்காமல் விடுவதில்லை என்று கால்வின் அழுத்தமாக எழுதினார். கொரிந்து சபையைப் பாருங்கள். அதன் மக்களை "கிறிஸ்து இயேசுவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்" என்று அழைத்துத் தொடங்கும் பவுல், அதே நிருபத்தில் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுப்பதையும், தகப்பனின் மனைவியை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவனைச் சபை கண்டும் காணாமல் இருப்பதையும், கர்த்தருடைய பந்திக்குக் கூடிவரும்போது ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருப்பதையும் சொல்லிக் கடிந்துகொள்கிறார். தேவன் அவர்களை ஏற்றுக்கொண்டதை அவர் ஒரு வரியில்கூட மறுக்கவில்லை. நடத்தை எப்படியும் இருக்கலாம் என்று ஒரு வரியில்கூட விடவும் இல்லை.

புதிய ஏற்பாட்டில் ஒரு நிருபம் எழுதிய யாக்கோபு பவுலை மறுக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் மனிதன் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு எழுதியது உண்மையே. ஆனால் அவர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி, ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்தியது. 15ஆம் அதிகாரத்து விசுவாசம் வெறும் வாய்ச்சொல் அல்ல என்பதற்கு அது சாட்சி என்று படித்தால் முரண் தீர்ந்துவிடும். சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தருக்கு அந்த நிருபத்தின்மேல் இருந்த சலிப்பு தேவையற்றது என்பது என் எண்ணம்.

கத்தோலிக்கருக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட ஆணை, நீதிமானாக்கும் அருளுக்கு முந்திய எதுவும், விசுவாசமாயினும் கிரியையாயினும், அதைச் சம்பாதித்துத் தருவதில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. மோட்சத்தை விலைபேசுவதாக அவர்கள்மேல் சுமத்தும் பழி இங்கேயே விழுந்துவிடுகிறது. கருத்து வேற்றுமை இருக்கும் இடம் வேறு: பாவமன்னிப்போடு உள்ளான மனிதனின் பரிசுத்தமும் புதுப்பித்தலும் சேர்ந்ததே நீதிமானாக்கப்படுதல் என்றது அந்தச் சங்கம். இரண்டு உபதேசங்களுக்கும் இடையிலான கோடு இப்படி வேறிடத்தில் விழுவதால், நற்செயல்களால் அது வளரவும் செய்கிறது என்பது அவர்கள் வாதம். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லுத்தரன் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், நம் இருதயங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறவர் பரிசுத்த ஆவியானவர் என்றும் ஒருமித்து அறிக்கையிட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. ஜெர்மானிய இறையியல் பேராசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்ததும், லுத்தரன் சபைகளுள்ளேயே சில விலகி நின்றதும் உண்மை. ஆயினும் இந்த அறிக்கையைத் தொடாமல் 16ஆம் நூற்றாண்டோடு கட்டுரை நின்றுபோனது பெருங்குறை.

நம் மண்ணில் லுத்தரின் உபதேசத்தைக் கொண்டுவந்தவர்களே நடத்தையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர்கள் என்பதையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் உருவானவர். உபதேசம் வாயில் சரியாக இருந்து வாழ்க்கை வறண்டுகிடக்கிறதே என்று லுத்தரன் சபைக்குள்ளேயே எழுந்த குரல்தான் அந்த இயக்கம்.

இன்றைய கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்ட) மேடைகளில் இரண்டு விதமான கேடுகளைக் கேட்கிறேன். "ஒருமுறை இரட்சிக்கப்பட்டாயிற்று, இனி ஒன்றும் ஆகாது" என்று தட்டிக்கொடுப்பது ஒன்று. அதைவிடக் கொடியது, இன்னும் உபவாசம், இன்னும் காணிக்கை என்று சொல்லிச் சொல்லி, தேவன் தன்னை ஏற்றுக்கொண்டாரோ இல்லையோ என்ற அச்சத்திலேயே விசுவாசியை வைத்திருப்பது. சபையின் முழு உறுப்பினராகப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் ஒரு பிள்ளை, சிலுவையில் கடைசி நேரத்தில் மனந்திரும்பிய கள்ளனுக்கும் ஆயுள் முழுக்க ஊழியம் செய்தவருக்கும் ஒரே பரதீசுதானா என்று கேட்டது. ஆம், ஒன்றுதான். கள்ளனுக்கு மாற அவகாசம் இல்லை; அவகாசம் இருந்த வரிவசூலிப்பவனான சகேயுவோ தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்காகவும் கொடுக்க முன்வந்தான்.

ஒரு கத்தோலிக்கக் குருவானவரையும் ஒரு லுத்தரன் போதகரையும் ஒரே பக்கத்தில் 1999ஆம் ஆண்டு அறிக்கையைப் பற்றி எழுதச் செய்து, எங்கே உடன்படுகிறார்கள், எங்கே இன்னும் வேறுபடுகிறார்கள் என்று அவரவர் வாயாலேயே வாசகர்கள் அறிய வழிசெய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சபை உறுப்பினர் ஒருவர்,
பாளையங்கோட்டை.