வேடியப்பனைத் திரும்பக் கொண்டுவந்த எல்லோருக்கும்

நேற்று சாயங்காலம் வேடியப்பன், அதாவது உயிர்விட்ட வீரனுக்காக அந்தக் காலத்தில் நட்டு நாம் சாமியாகக் கும்பிடும் நம் ஊர் நடுகல், பழைய வேப்பமரத்தடிக்கே வந்து சேர்ந்துவிட்டார். இன்னும் நடவில்லை, வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்திருக்கிறோம். கல் காணாமல்போன அந்தப் பதினோரு நாள் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி எழுத மனசு வரவில்லை.

கல்லைக் கொட்டிய இடத்தைக் காட்டிய பொக்லைன் டிரைவர் தம்பி, ராத்திரியெல்லாம் டார்ச்சோடு ஏரிக்கரையில் தேடிய பிள்ளைகள், டிராக்டர் தந்த பங்காளிகள், மனு எழுதித் தந்த தலைமையாசிரியர், கற்பூரத்தோடு காத்துநின்ற பெரியம்மாக்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதவேண்டும். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர், எழுபது வயதுக்கு மேல். கல் கிடைத்த மறுநாள் முதல் பஸ்ஸில் மஞ்சப்பையோடு வந்து இறங்கினார்.

மூன்று வருடம் முன்பு ஒரு கூட்டத்தில் இந்த நடுகல்லைப் பற்றிப் பேச எழுந்தேன். “உரக்கடைக்காரர் உர விலையைப் பேசட்டும்” என்றார் மேடையிலிருந்த ஒருவர். அன்றோடு கல்லெழுத்தைப் படித்து எழுதிவைத்த என் நோட்டை யாரிடமும் காட்டுவதை விட்டுவிட்டேன். ஐயா வந்தபோதும் ஓரமாகத்தான் நின்றேன்.

அவர் கல்லை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினார். நனைத்த தாளை மேலே விரித்து பிரஷால் தட்டினார். பிறகு பிரஷை என் கையில் கொடுத்து, “தட்டுங்க தம்பி, தாள் குழிக்குள்ள இறங்கணும்” என்றார். துணிப் பொட்டலத்தில் மை தொட்டு ஒற்ற ஒற்ற, கறுப்பில் வெள்ளையாக வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, எழும்பி வந்தது. “படிங்க” என்றார்.

படித்தேன். ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்ற இடம் சரி. தொறு என்றால் மாட்டு மந்தை. அதை மீட்கப்போய் உயிர்விட்டிருக்கிறான். அவன் பெயரில்தான் தவறு. நான் ‘வ’ என்று படித்த எழுத்தின் மேல் என் விரலைப் பிடித்து நகர்த்தினார், அது ‘ப’. “இந்த ரெண்டும் எங்களையே ஏமாத்தும்” என்றார். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு வீரனின் நடுகல்லில், கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்துநின்றதையும் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். நாயின் பெயர்கூட நிலைத்திருக்க, எங்கள் ஊர் வீரனின் பெயரை நான் எட்டு வருடம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனசு கனத்துவிட்டது.

கடைசி வரியின் மூலை இப்போது உடைந்திருக்கிறது. பீடம் கட்டி சிமென்ட் பூசியபோதே அந்த வரி உள்ளே போய்விட்டதால் போட்டோவும் கிடையாது. வீட்டுக்கு ஓடி, பத்தாவது படிக்கும்போது வரைந்த பழைய நோட்டை எடுத்துவந்தேன்.

“அப்ப எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதுங்க ஐயா. பார்த்தபடி வரைஞ்சேன்.”

“தெரியாததே நல்லதாப் போச்சு. தெரிஞ்சிருந்தா உங்களுக்குத் தோணுனத எழுதியிருப்பீங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உடைந்துபோன ஐந்து எழுத்தையும் என் நோட்டிலிருந்து தன் நோட்டுக்கு வரைந்துகொண்டார். கீழே தேதி போட்டு என் பெயரையும் எழுதினார். அவருக்கு அது வழக்கமான வேலையாக இருக்கலாம். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஐராவதம் மகாதேவன் ஐயா ஆட்சிப்பணியில் இருந்தபோதே வட்டெழுத்துக்கும் முந்தைய தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டுகளைத் தேடி மலை மலையாக ஏறியவர். அவருடைய பெருநூல் 2003இல் வெளிவந்தது, நாற்பது ஆண்டு உழைப்பு. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு. ஆனால் எந்தக் கல் எந்த வரப்பில் சாய்ந்துகிடக்கிறது, யார் அதில் துணி துவைக்கிறார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைக்காரனுக்குத்தான் தெரியும். இனி பார்த்ததை அப்படியே வரைவேன், படம் எடுப்பேன், தேதி போடுவேன். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் இன்ன பெயர் என்று ஊரில் சொல்லமாட்டேன். வேடியப்பன் மேல் ஆணை.

வருகிற ஞாயிறு விடிகாலை கல்லை நடுகிறோம். கடைசி வரி தரைக்கு மேலே தெரியும்படி நடச் சொல்லியிருக்கிறார் ஐயா, பீடம் வேண்டாம். பெரியம்மாக்கள் சம்மதித்துவிட்டார்கள். ஐயாவும் வருகிறார். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவாருங்கள்.

நன்றியுடன்,
உரக்கடைக்காரன்