முக்காற்புள்ளிச் சண்டை

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அம்மா மாவடு போட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கொதித்தது இன்னும் காதில் நிற்கிறது. நீ அனுப்பிய திருத்தத்தை உங்கள் மென்பொருளின் தலைவர் நான்கு மாதமாகக் கிடப்பில் போட்டுவிட்டார், பிரிந்துபோய்த் தனியாகத் தொடங்கப்போகிறோம் என்றாய்.

கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூலநிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். பிரிந்துபோகும் உரிமை உனக்கு உண்டு, உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. நான் வேலை பார்த்த அச்சகத்தில் முதலாளியோடு முறுக்கிக்கொண்டால் கையை வீசிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். நீங்கள் அச்சு எந்திரத்தையே பிரதியெடுத்துக்கொண்டு போகலாம். இந்தக் கடிதத்தைத் தட்டும் லிப்ரெஆபீஸ் அப்படி வந்ததுதானே? ஓப்பன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வைத்திருந்த சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதை உருவாக்கிவந்தவர்களில் பலர் அதே செப்டம்பரில் மூலநிரலோடு வெளியேறினார்கள். பழைய பெயர் அப்போது ஆரக்கிளிடமே நின்றுவிட்டது.

ஆனால் பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் கதையும் உனக்குத் தெரியும். அதில் கடைசி முடிவு அவருடையது என்பதால் ‘ஆயுள்காலக் கருணைச் சர்வாதிகாரி’ என்று வேடிக்கையாக ஒரு பட்டம் அவருக்கு. 2018இல் முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் ஒட்டவைத்து ஒரு புதுக்குறியைக் கொண்டுவருவதில் பெருஞ்சண்டை. (31 ஆண்டு மெய்ப்புத் திருத்தியவன் நான். ஒரு முக்காற்புள்ளிக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.) குறியை அவர் ஏற்றுக்கொண்டார். இவ்வளவு போராடியும் இத்தனை பேர் என் முடிவை வெறுக்கிறார்களே என்று நொந்துபோய் ஜூலையில் பொறுப்பையும் துறந்தார். வாரிசு என்று யாரையும் கைகாட்டவில்லை. மற்றவர்கள் மாதக்கணக்கில் வாதாடி, வாக்களித்து, 2019 தொடக்கத்தில் பைத்தானை வழிநடத்த ஐவர் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஐவரில் அவரும் ஒருவர்! இதைப் படித்தபோது அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடியது. அவரை மறுபடி உட்காரவைத்தவர்கள்மேல் இன்னும் கூடியது.

உங்கள் தலைவர் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து இரவில் உட்காருகிறவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நாளை நீ தனியாகத் தொடங்கினால், யாரோ ஒருவன் அனுப்பும் திருத்தத்தை நள்ளிரவில் வரிவரியாகப் படிக்கப்போவது யார்? உன்னோடு வருகிறேன் என்ற மூவரில் எத்தனை பேர் ஆறு மாதம் தாங்குவார்கள்?

முதலில் அவருக்குத் தனியாக எழுதிக் கேள்: ‘கிடப்பில் இருப்பவற்றில் பத்தை நான் பார்த்துத் தரட்டுமா?’ ஒரு மாதம் பொறு. பதில் வராவிட்டால் தாராளமாகப் பிரிந்துபோ, நான் தடுக்கமாட்டேன். உங்கள் தமிழ்க் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் மட்டும் சொல்லியனுப்பு. கண்ணாடி மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா