சோபாவும் அம்மாவோட பெஞ்சும்

மாப்ள,

கிரகப்பிரவேசத்துக்கு நீ வராததுல எனக்கு கோவமே இல்ல, மாமாவுக்கு ஆப்பரேஷன்னா யாரு என்ன பண்ண முடியும். இப்ப நல்லா நடக்கறாருன்னு சாந்தி சொன்னா, கேட்டதும் மனசு நெறஞ்சுது. நாலு மாசமா நான் ஒரு வரி எழுதல, அது என் தப்புதான்.

பாப்பா புது வீட்டுக்கு சோபா பாக்கறான்னு போட்டோ அனுப்பிருந்தியே, அதப் பாத்ததும் திக்குன்னு ஆயிருச்சு. அச்சு அசலா எங்க மருமக கை காட்டுன அதே கலர்டா, அந்த வெளிறுன சந்தன கலர். வேளச்சேரியில இருக்கற புள்ளைக்கும் கரூர்ல இருக்கற புள்ளைக்கும் ஒரே கலரு எப்படிப் புடிக்குது? ரெண்டு பேரும் ஒரே மாதிரி ரீல்ஸ் பாக்கறாங்க, அவ்ளோதான்.

இருபத்தஞ்சு வருஷமா இந்த துணித் தொழில்ல இருக்கறேன், அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியும். ஒவ்வொரு டிசம்பர்லயும் பான்டோன்னு ஒரு அமெரிக்க கலர் கம்பெனி அடுத்த வருஷத்துக்கு ஒரு கலர அறிவிக்கும், 2024க்கு பீச் ஃபஸ், 2025க்கு மோகா மூஸ்ன்னு காப்பியில பால் கூடுன மாதிரி ஒண்ணு. ஜனவரியில ஜெர்மனி பிராங்க்ஃபர்ட்ல ஹெய்ம்டெக்ஸ்டில்னு வீட்டுத் துணிக் கண்காட்சி, நம்ம ஊருலருந்து ஒரு கூட்டமே போகும். துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க கலர் கார்டு அனுப்புவாங்க, நாங்க லேப் டிப்ன்னு சின்னத் துண்டுல சாயம் ஏத்தி சாம்பிள் அனுப்பி, ஓகே ஆனதும் சாயம் ஏத்துவோம். அங்க ஒரு வீட்டுல அந்தம்மா கடைக்குப் போயி குஷன் கவர எடுத்து "எனக்குப் புடிச்ச கலரு"ங்கறதுக்கு எத்தனையோ மாசம் முன்னாடியே அந்தக் கலரு இங்க பாய்லர் பக்கத்துல காஞ்சுட்டு இருக்கும். புடிக்கறது பொய்யுன்னு சொல்லல, ஆனா கண்ணுக்கு முன்னாடி எது திரும்பத் திரும்ப வருதோ அதுதான புடிக்குது.

இன்னொண்ணு, இத பாப்பாகிட்ட கண்டிப்பா சொல்லு. நாங்க ஷேடு பாக்கறப்ப லைட் பாக்ஸுக்குள்ள துணிய வச்சு பகல் வெளிச்சத்துக்கு ஒரு தடவ, டிஎல் 84ன்னு கடை டியூப் வெளிச்சத்துக்கு ஒரு தடவ பாப்போம், ஏன்னா ஒரே துணி ரெண்டுலயும் ரெண்டு கலரா தெரியும். நான் சோபா வாங்குன கடையில மேலருந்து மஞ்ச லைட்டு, ஏசி, நல்ல வாசம், உக்காந்ததும் எந்திரிக்கவே மனசு வரல. வீட்டுக்கு வந்து மத்தியான வெயில்ல பாத்தா சாம்பல் பூத்துப் போயி கெடக்குது. சோபா வந்தப்புறம் பழைய திரைச்சீலை அழுக்கா தெரிஞ்சுது, அத மாத்துனோம், அப்புறம் டிவி ஸ்டாண்டு, அப்புறம் வாசக்கால் பக்கத்துல இருந்த அப்பாவோட வேப்பமர பெஞ்சு, அம்மா உக்கார்றது. அத பின்னாடி மாட்டுக்கொட்டாய்க்கு தூக்கிட்டாங்க.

இதுக்காகத்தான்டா எழுதறேன். போன வாரம் அம்மா அந்த சோபாவுல உக்காந்துட்டு எந்திரிக்க முடியல. ஒரு கை ஊணப் பாத்தா அமுங்குது, முட்டி மேல நிக்குது. யாரையும் கூப்பிடாம எவ்ளோ நேரம் அப்படியே இருந்துச்சோ, நான் உள்ள வந்தப்ப "ஒண்ணுமில்ல சாமி, சும்மா உக்காந்திருக்கேன்"னு சொல்லுச்சு. டேப் வச்சுப் பாத்தேன், சோபா உக்கார்ற எடம் 15 இஞ்சு, அமுங்குனா இன்னும் கம்மி. அந்தப் பெஞ்சு 18 இஞ்சு, கெட்டிப் பலகை. கடையில கலரு கேட்டோம், தவணை கேட்டோம், வர்றவங்க உக்கார பத்துமான்னு கேட்டோம், அம்மா எந்திரிக்குமான்னு ஒருத்தருக்கும் தோணல. வருஷத்துக்கு நாலு தடவ வர்ற விருந்தாளிக்கு பொருள் வாங்கிட்டு தினமும் இருக்கறவங்கள மறந்துட்டோம், ராத்திரி தூக்கமே வரலடா.

மறுநாளே பெஞ்ச தூக்கியாந்து கழுவி பழைய எடத்துலயே போட்டு, மேல நம்ம பவானி ஜமக்காளத்த விரிச்சுட்டேன். மருமகதான் முன்ன வந்து ஒரு பக்கம் புடிச்சா, நல்ல புள்ள.

பாப்பா அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்துறப் போறா. சனிக்கிழமை பஸ்ஸுல நாலு பீஸ் துணி ஏத்தி விடறேன், அவ வீட்டு ஹால்லயே மத்தியானம் ஒரு தடவ, ராத்திரி லைட்டப் போட்டு ஒரு தடவ வச்சுப் பாக்கச் சொல்லு. கடைக்குப் போறப்ப மாமாவ கூட்டிட்டுப் போயி உக்கார வச்சு, கை குடுக்காம எந்திரிக்கச் சொல்லிப் பாருங்க.

சாந்திய கேட்டேன்னு சொல்லு. பொங்கலுக்கு வந்தே ஆகணும்.

உன் குமாரு