ஸ்கேன் என்றுதான் சொன்னாயாமே

14.10.2018

கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று அம்மா சொன்னாள்.

போன வாரம் போனில் நீ "ஸ்கேன் எடுத்தாச்சுங்கப்பா" என்றாயாம். என் காதில் விழுந்தது "ஏன் எடுத்தீங்கப்பா". அம்மா போனை நான் எடுத்ததற்குப் பெற்ற மகளே இப்படிக் கேட்கிறாளே என்று சுருக்கென்றது, கத்திவிட்டேன். நீ வைத்துவிட்டாய். அம்மா விவரம் சொன்னதும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

அப்புறம், தறிச் சத்தத்தில் போன காதுக்கு நான் நஷ்டஈடு கேட்டு அலைவதைப் பற்றி நீ அம்மாவிடம் சொன்னதும் எனக்கு வந்து சேர்ந்தது. "ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு இந்த வயசுல ஆபீஸ் ஆபீஸா அலையணுமா, நான் அனுப்பறேன்." நீ அனுப்புவாய், தெரியும். ஆனால் முழுவதையும் கேட்டுக்கொள்.

1987-ல் தறி ஷெட்டுக்குள் போனேன். ஒரு தறியில், ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா நிமிடத்துக்கு 200 தடவைக்குக் கிட்ட அடிபடும். எங்கள் ஷெட்டில் 96 தறி. உள்ளே சைகைதான் பேச்சு. மூக்கைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார், இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ. ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் காது அடைத்து 'ஙொய்' என்று இருக்கும், காலையில் சரியாகிவிடும். ஒரு மாதத்தில் காது பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். காது பழகாது, சாகும் என்று டாக்டர் இப்போது சொல்கிறார். உள்காதில் நுண்ணிய முடி மாதிரி செல்கள் இருக்கிறதாம். செத்தால் திரும்ப முளைக்காது. காதில் வைக்க என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். பஞ்சு வைத்தோம் என்றேன். பஞ்சு மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்! பஞ்சு அந்தச் சத்தத்துக்குக் காணாது என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

சத்தத்தை டெசிபெல் கணக்கில் அளப்பார்கள். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரைதான் அனுமதி. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். யூனியன்காரர் ஒரு மீட்டர் கொண்டுவந்து என் தறிக்குப் பக்கத்தில் பிடித்தார், 98 காட்டியது. நான் நின்றது முழு ஷிப்ட்.

மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "வயசானா எல்லாருக்கும் காது மந்தமாகத்தான் செய்யும்." எனக்கும் அப்படித்தான் பட்டது. டாக்டர் ஆடியோகிராம் என்கிற காது சோதனைத் தாளைக் காட்டித்தான் புரியவைத்தார். சோதனைக்கு முன்னால் 16 மணி நேரம் சத்தமில்லாத இடத்தில் இருந்துவிட்டு வரச் சொல்லியிருந்தார், லீவு போட்டுப் போனேன். தாளில் கோடு நேராக வந்து, கீச்சென்ற சத்தத்துக்கான 4000 ஹெர்ட்ஸ் என்று போட்ட இடத்தில் கிணறு மாதிரி இறங்கி, 8000-ல் மறுபடி ஏறுகிறது. இரண்டு காதிலும் அதே கிணறு. வயதால் வருவது என்றால் 8000-ல் இன்னும் கீழே போயிருக்குமாம். 'ஸ', 'ச' எல்லாம் அந்த உயரத்துச் சத்தம். உன் ஸ்கேனில் 'ஸ்' போனது அந்தக் கிணற்றுக்குள்தான்.

சத்தத்தால் வரும் காது கேளாமை, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இந்த வேலையில் 6 மாதம் தொடர்ந்து இருந்திருந்தால் போதும். நான் இருந்தது 31 வருடம். ஸ்பெஷல் மெடிக்கல் போர்டு பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று எழுதும். முழுவதும் போயிருந்தால் சம்பளத்தில் 90 சதவீதம், பாதி போயிருந்தால் அதில் பாதி. என் ஒருநாள் சராசரிச் சம்பளம் 500 என்று வை, 90 சதவீதம் 450. போர்டு 20 சதவீதம் போட்டால் நாளுக்கு 90 ரூபாய், மாதம் 2,700. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் உண்டு, சாகிற வரை உண்டு. மாதாமாதம் என் சம்பளத்தில் நூற்றுக்கு 1.75 பிடித்தார்கள், மில் 4.75 கட்டியது. அந்தப் பணத்தைத்தான் கேட்கிறேன் கண்ணு. நீ அனுப்பினால் அது உன் பணம்.

நம் ஃபிட்டர் மாமா நிலைமை வேறு. சம்பளம் 21,000-க்கு மேல் போனதால் அவருக்கு இஎஸ்ஐ கிடையாது. 1923-ம் வருடத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையரிடம் போக வேண்டும், அதற்கு இரண்டு வருடக் கெடு வேறு. அவர் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

காதில் ஓடும் இரைச்சலைப் பற்றி உன்னிடம் சொன்னதில்லை. பகலில் தெரியாது. ராத்திரி எல்லோரும் படுத்ததும் சில்வண்டு கத்த ஆரம்பிக்கும், விடிய விடிய. மார்கழியிலும் நான் காத்தாடி போட்டுப் படுப்பதற்கு அம்மா சண்டை போடுவாளே, அந்தச் சத்தத்தில் இது கொஞ்சம் அமுங்கும், அதுதான் காரணம். அவளுக்கே போன மாதம்தான் சொன்னேன். இந்த இரைச்சல் எந்தத் தாளிலும் கோடாக வராது. நான் வாயால் சொன்னால்தான் உண்டு. ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சீட்டில் எழுதவைத்துவிடு என்றார் டாக்டர். ஆறு சீட்டு சேர்ந்திருக்கிறது.

போர்டு வருகிற 23-ம் தேதி செவ்வாய்க்கிழமை. குறைத்துப் போட்டால் மூன்று மாதத்துக்குள் அப்பீல் போகலாம், யூனியன்காரர் கூட வருகிறேன் என்றிருக்கிறார். இப்போது உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். நீ காலேஜில் சேரும்போது வருமானச் சான்றுக்காக என் பழைய வேலை உத்தரவை வாங்கிப் போனாய். உன் சர்டிபிகேட் ஃபைலில் இருக்கும் பார். மில்லில் கேட்டால் பழைய ரெக்கார்டு கரையான் அரித்துவிட்டது என்கிறார்கள். முதலில் போட்டோ எடுத்து அனுப்பு, அசலைக் கொரியரில் போடு.

இனிமேல் என்னிடம் பேசுவதானால் வீடியோவில் கூப்பிடு. உதடு தெரிந்தால் பாதி புரிந்துவிடும், ஷெட்டில் படித்த படிப்பு. ஸ்கேனில் டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் மெசேஜில் எழுது, அம்மாவுக்கு நானே படித்துச் சொல்கிறேன்.

அப்பா