வைக்கோலைக் கொளுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு,

அறுவடை முடிந்ததும் வைக்கோலையும் சோளத்தட்டையையும் வயலிலேயே கொளுத்துவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. சிப்பிக் காளானுக்கு அதுதானே உணவு! மொட்டுக் காளானைப் போல இதற்கு மட்கு உரம் தயாரிக்க வேண்டியதில்லை. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, சுமார் 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தெடுத்தால் போதும். அப்புறம் ஈரப்பதம்தான் முக்கியம்: பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். ஈரம் மிஞ்சினால் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும். இந்த வைக்கோலைக் காளான் வித்தோடு (தானியத்தில் வளர்த்த காளான் இழை) பைகளில் நிரப்பினால், 15 முதல் 20 நாளில் காளானின் வெள்ளை இழைகள் பரவிவிடும். காளான் அறுவடைக்குப் பின் மிஞ்சும் வைக்கோலும் நல்ல உரம்தான்.

இந்தக் காளான் வளர்ப்பு முறையை உங்கள் வேளாண் பக்கத்தில் படங்களோடு தொடராக வெளியிடுங்கள். குறிப்பாக, நல்ல வித்தை அடையாளம் காண்பது பற்றி விரிவாக எழுதுங்கள். பழைய வித்து ஒன்றே மொத்த உழைப்பையும் கெடுத்துவிடும்.

– ஒரு வாசகர்