வசந்திக்கு, கொருக்குப்பேட்டையிலிருந்து

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா? போன கடிதத்தில் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கத்துக்குப் பெருமை அடித்திருந்தாய். அதற்குத் தனியாகச் சண்டை போடுகிறேன். இப்போது வேறு விஷயம், அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

போன ஞாயிறு நம் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தமிழ்நாட்டில் முதன்முதலாக, வார்டு மக்கள் கவுன்சிலரிடம் நேரில் குறை சொல்லும் இந்தச் சபைகள் கூடின. முதல்வரே பம்மலில் போய் உட்கார்ந்தார், ஞாபகம் இருக்கிறதா? ரிப்பன் மாளிகையில் மாமன்றம் கூடினால் அங்கே கவுன்சிலர்கள்தான் பேச முடியும். நாம் எழுந்து நின்று பேச இருக்கிற ஒரே இடம் இந்தப் பகுதி சபை. அதனால் கைவேலையை விட்டுவிட்டுப் போனேன். ஊறுகாய்ப் பாட்டியின் மருமகள் எனக்கு முன்பே வந்து முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள். அந்தக் குடும்பமே அப்படித்தான்!

முதல் ஒரு மணி நேரம் வழக்கமான குறைகள். தெருவிளக்கு, நாய், குப்பை வண்டி. கொடுங்கையூர் குப்பை எரிஉலை வேண்டாம் என்று இரண்டு பேர் பேசினார்கள், கைதட்டல் பலமாக இருந்தது. மீன்கார செல்வி எழுந்து, மூடியில்லாத வடிகாலில் கால் மாட்டி விழுந்ததைச் சொல்லி, புடவையைச் சற்றே தூக்கித் தையல் போட்ட காலைக் காட்டினாள். அதற்கு அப்புறம் யாருக்கும் சத்தமாகப் பேச வரவில்லை.

பிறகு பணப் பேச்சு வந்தது. வார்டு மேம்பாட்டு நிதி என்று ஒவ்வொரு கவுன்சிலருக்கும் தருகிறார்களே, 2022இல் 35 லட்சமாக இருந்தது 2025-26 பட்ஜெட்டில் 60 லட்சமாகிவிட்டது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. சென்னையின் 2011 மக்கள்தொகையை 200 வார்டுக்குப் பிரித்தால் ஒரு வார்டுக்குச் சுமார் 33 ஆயிரம் பேர். அப்படியென்றால் தலைக்கு 180 ரூபாய். 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்குள் இருக்கும் என் வீட்டுக்கே 50 சதவீதம் ஏறியது. கொடுக்கிறவர்களுக்கு அந்த 180 எங்கே போகிறது என்று தெரியத்தானே வேண்டும்? இதை அப்படியே எழுந்து கேட்டேன். கை நடுங்கியது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

கவுன்சிலர் பட்டியலை வாசித்தார். அதில் பெரிய வேலை, பழைய சமூகக்கூடத்தைச் சீர்செய்து கேரம் விளையாட ஒரு கூடம். நான் உடனே, வடிகால் இருக்கும்போது கேரம் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்ற பையன்களில் ஒருவன் பேச ஆரம்பித்தான். "காசிமா அக்கா 2024இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கினாங்க. பக்கத்துல செரியன் நகர்தானே, ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணுதானே. எங்களுக்கு ஒரு போர்டு போட இடம் கிடையாதா?" வசந்தி, அவன் கேட்டது நியாயம். அந்தப் பையன்கள் சாயங்காலம் எங்கே போய் நிற்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவர்களிடமிருந்து பிடுங்கித்தான் வடிகால் கட்ட வேண்டும் என்றால் அந்த ஏற்பாடே தப்பு.

ஆனால் வடிகாலை விடவும் முடியாது. துண்டு துண்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் தெரு முனைக்கும் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் நடுவே இணைப்பு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தயாளன் மாமாவை டயாலிசிஸுக்கு மீன்பாடி வண்டியில் உட்காரவைத்து, இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் தள்ளிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். வண்டியில் இருந்தபடி அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். என்ன மன்னிப்பு அது! ஒரு மனிதன் தன் வியாதிக்காகத் தெருவிடம் மன்னிப்புக் கேட்கும்படி ஊரை வைத்திருக்கக் கூடாது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது எதிர்வீட்டு ராணிக்கு அதே வைத்தியம் நடக்கிறது.

கடைசியில் இப்படி முடிந்தது: வார்டு நிதியில் கேரம் கூடமும், மூடி இல்லாத இடங்களுக்கெல்லாம் மூடியும். கால்வாய் இணைப்பு அந்த நிதிக்குள் அடங்காது என்பதால், மாநகராட்சியின் பொது நிதியிலிருந்து கேட்டு மாமன்றத்தில் பேசுவதாகக் கவுன்சிலர் ஒப்புக்கொண்டார். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பையன்களும் இணைப்புக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

இப்போது உங்கள் வேலை. இணைப்புக்கான மதிப்பீட்டின் நகல் கிடைத்தது, இதோடு வைத்திருக்கிறேன். அண்ணன் முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் இருந்தவர், அதில் உள்ள மட்டங்களை அவரால்தான் படிக்க முடியும். என் பயம் இதுதான்: கால்வாயில் வண்டல் ஏறிக் கிடக்கிறது. அது போய்ச் சேர்கிற பக்கிங்காம் கால்வாயிலோ எண்ணூர் முகத்துவாரத்தின் கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்கிறது. வடிகாலின் அடிமட்டம் அந்தத் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால், நாம் கேட்டு வாங்கிய இணைப்பு வழியாகவே தண்ணீர் தெருவுக்குள் திரும்பி வரும். தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் கதவு அடைப்பான் வைக்கச் சொல்ல வேண்டுமா, பம்பு வேண்டுமா, முதலில் தூர்வாரச் சொல்ல வேண்டுமா? ஒன்றும் தெரியாமல் போய் நின்றால் இரண்டு நிமிஷத்தில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மாமன்றம் கூடுவதற்குள் பதில் வேண்டும். அண்ணனுக்கு எழுதச் சோம்பலாக இருந்தால் போனில் சொல்லட்டும், நான் எழுதிக்கொள்கிறேன். நீ குறுக்கே புகுந்து சிறுவாணிக் கதையை ஆரம்பிக்காதே.

உன்,
மல்லிகா