டெல்ஃப்டிலிருந்து சைக்கிள் கடைக்கு ஒரு கடிதம்

டெல்ஃப்ட், நெதர்லாந்து,
மே 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல்.

தம்பிக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த நாளிலிருந்து அம்மா போனில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: "ஹெல்மெட்கூட இல்லாமல் எல்லாரும் சைக்கிளில் போவார்களாமே, பிள்ளை பத்திரமாக இருப்பானா?" போனில் பதில் சொன்னால் பாதி அவள் காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் கடையில் உட்கார்ந்து படித்துவிட்டு அவனிடம் கொடுங்கள்.

முதலில் உங்களுக்குப் பிடித்த சமாச்சாரம். இந்த ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு மேல் நம் கறுப்பு வண்டிக்குப் பங்காளி முறை. நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார், முழுதாக மூடிய செயின் கவர், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் அப்படியே. வால்வும் நம் வால்வுதான். ஆனால் உள்ளே ரப்பர் வால்வு டியூப் மாட்டும் வேலை கிடையாது. சின்ன குண்டு ஒன்று காற்றை அடைத்துக்கொள்ளும் வால்வு ஊசி வருகிறது. ரப்பர் வெடித்துக் காற்று இறங்கும் தொல்லை இல்லை. பஞ்சர் ஒட்டுவதும் நம் முறைதான். செயின் கவரையும் பின்சக்கரத்தையும் கழற்றி மாட்ட அரை நாள் ஆகும் என்பதால், சக்கரம் வண்டியிலேயே இருக்க, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் விலக்கி டியூபை வெளியே இழுத்து ஒட்டுவார்கள்.

டயரில் மட்டும் ஏமாறக் கூடாது. இரண்டுக்கும் 28 இன்ச் என்றே பெயர். நம் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ.; இங்கே பரவலாக ஓடும் 28 × 1⅝ × 1⅜ டயருக்கு 622 மி.மீ. 13 மி.மீ. வித்தியாசத்தில் நம் டயர் இங்கே தொளதொளக்கும், இங்கத்திய டயர் நம் ரிம்மில் ஏறவே ஏறாது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்று அச்சடித்திருக்கும் எண்தான் சத்தியம். 'பாட்டி சைக்கிள்' என்று இவர்கள் சொல்லும் பழைய மாடல் சிலவற்றில் நம் 635-ஏ இருக்கிறது. அதனால் எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. காற்று 4 பார், அதாவது நம் கணக்கில் 58 பிஎஸ்ஐ போதும்.

தம்பி முதல் வாரத்தில் விழப்போவது பிரேக்கால்தான். இங்கே பல வண்டிகளில் கை பிரேக் இல்லை. பெடலைப் பின்னால் மிதித்தால் பின் ஹப்புக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். நம் ஊர் ஃப்ரீவீலில் சும்மா பின்னால் சுற்றிப் பழகிய கால், இங்கே அப்படிச் சுற்றினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிக்னலில் நின்றபின் பெடலைத் தோதான உயரத்துக்குக் கொண்டுவரப் பின்னால் சுற்றவும் முடியாது. அதனால் நிற்கும்போதே ஒரு பெடல் முன்னால் சற்று மேலே இருக்கும்படி நிறுத்த வேண்டும். இதில் இரண்டு ஆபத்து. செயின் கழன்றால் பிரேக்கும் போச்சு. ஆகவே செயின் நடுவில் 1 செ.மீ. அளவுக்கு மேல் ஆடக் கூடாது. இரண்டாவது, ஹப்பிலிருந்து வரும் 'பிரேக் கை' என்ற இரும்புப் பட்டையை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் சின்ன போல்ட். சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர் அதை முடுக்க மறந்தால், பிரேக் மிதிக்கும்போது அந்தக் கை சுழன்றுவிடும். பழைய வண்டி வாங்கும்போது முதலில் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரத்துக்குக் கை பிரேக் உள்ள வண்டியாகப் பார்த்து எடுப்பது உத்தமம்.

இப்போது அம்மாவின் கேள்வி. இந்த ஊர்க்காரர்கள் பிறவியிலேயே நிதானசாலிகள் என்று நினைக்க வேண்டாம். 1971-இல் இந்தச் சின்ன நாட்டில் 3,000 பேருக்கு மேல் சாலையில் செத்தார்கள். அவர்களில் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடும் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அதற்குப் பிறகு மாறியது சாலையின் வடிவம். பெரிய சாலையில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, சிவப்புத் தார், நடுவே கட்டை. குறுக்கே வரும் சந்துகளில் சைக்கிள் பாதை அதே மட்டத்தில் போகும். கார்தான் மேடேறி இறங்க வேண்டும், தானாக வேகம் குறையும். சட்டமும் சைக்கிள் பக்கம். கார் மோதினால், சைக்கிளில் வந்தவர் மீது தவறு இருந்தாலும் குறைந்தது பாதி நஷ்டஈடு கார்க்காரர் தலையில்தான் பொதுவாக விழும். 14 வயதுக்குக் கீழே என்றால் முழுதும்.

ஆனால் அந்த வடிவம் கைவிடும் இடங்கள் உண்டு. பயப்பட வேண்டியது அங்கேதான். முதலாவது, வலப்பக்கம் திரும்பும் லாரி. இங்கே வண்டிகள் வலப்பக்கமாகப் போவதால், லாரிக்கு வலப்புறம் ஒட்டி நிற்கும் சைக்கிள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் லாரி நின்றால் அதற்குப் பின்னால் 3 மீட்டர் விட்டு நிற்க வேண்டும். இடம் இருக்கிறதே என்று பக்கத்தில் நுழையவே கூடாது. அம்மாவிடம் சத்தியம் வாங்கச் சொல்வதானால் இதற்கு வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது டிராம் தண்டவாளம். டெல்ஃப்டிலிருந்து ஹேக் நகரத்துக்கு டிராம் ஓடுகிறது. தண்டவாளக் குழிக்குள் சைக்கிள் டயர் இறங்கினால் ஹேண்டில் திரும்பாது, ஆள் தூக்கி எறியப்படுவார். நேர் குறுக்காகவே கடக்க வேண்டும். மழையில் இரும்பு சோப்புக் கட்டி மாதிரி. அந்த நேரத்தில் பிரேக்கும் பிடிக்கக் கூடாது, திருப்பவும் கூடாது.

சாலை விதியில் தம்பியைக் குழப்பப்போவது ஒன்று. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முதலிடம். 2001 மே 1 வரை சைக்கிள்காரர் காருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து வலப்பக்கம் வரும் சைக்கிளுக்கும் கார் நிற்க வேண்டும். தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருக்கும், 'சுறாப் பல்' என்பார்கள். கூர்முனை நம்மைப் பார்த்தால் நாம் நிற்க வேண்டும். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் டிராம் எந்தப் பக்கம் வந்தாலும் வழி விட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்ப்போம். இங்கே அருகிலிருக்கும் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும்.

இருட்டினால் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மினுக்கக் கூடாது. பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர், சக்கரத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் பட்டை. நவம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு. போனைக் கையில் பிடித்து ஓட்டுவதை 2019 ஜூலையிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். இருந்தும் பிடிக்கிறார்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் நான் அம்மா கட்சி. ஊர்க்காரர்கள் போட மாட்டார்கள், சட்டமும் கேட்காது. ஆனால் 2023-இல் சாலையில் இறந்த 684 பேரில் 270 பேர் சைக்கிளில் வந்தவர்கள், அவர்களில் வயதானவர்கள் அதிகம். பலத்த அடியோடு ஆஸ்பத்திரிக்கு வரும் சைக்கிள்காரர்களில் பெரும்பாலோரை எந்த மோட்டார் வண்டியும் இடித்திருக்காது. கார் நுழையாமலிருக்கப் பாதை நடுவே நட்ட குட்டைக் கம்பத்தில் மோதுவது, கட்டையில் டயர் உரசுவது, ஈர இலையில் சறுக்குவது என்று தாமாக விழுந்தவர்கள். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், தம்பி போடட்டும்.

இத்தனையும் எழுதினேன் என்று, இங்கே ஓட்டுவது ஏதோ தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். சுகமான வேலை அது. சைக்கிள் வழிகள் கூடும் சந்திப்புகளுக்கு எண் இருக்கிறது. போக வேண்டிய எண்களை ஒரு சீட்டில் எழுதி ஹேண்டிலில் கட்டிக்கொண்டால் வழி கேட்காமல் நாள் முழுக்கச் சுற்றலாம். இந்த ஏற்பாடு 1990-களில் பெல்ஜியத்தில் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர் யோசித்தது, நிலக்கரிச் சுரங்கத்தில் பாதைகளுக்கு எண் போட்டிருந்ததைப் பார்த்து. டெல்ஃப்டிலிருந்து ஸ்கீ கால்வாய்க் கரையோடு தெற்கே போனால் ரோட்டர்டாம் சுமார் 14 கி.மீ. அங்கே ஆற்றுக்கு அடியில் 1942-இல் திறந்த சுரங்கப்பாதையில் சைக்கிளுக்கென்றே தனிக் குழாய் உண்டு. மரப்படி வைத்த எஸ்கலேட்டரில், பிரேக்கைப் பிடித்தபடி வண்டியோடு இறங்க வேண்டும்.

பெரும்பாலும் மேடே இல்லாத நாடு. மேட்டுக்குப் பதில் காற்று. போகும்போது எதிர்க்காற்றில் போய் வரும்போது காற்றோடு வருவதாக வழியைப் போட வேண்டும். தலைகீழாகப் போட்டால் களைத்த காலோடு கடைசி 20 கி.மீ. அழ வேண்டியதுதான். எதிர்க்காற்றுக்கென்றே தேசியப் போட்டி நடத்துகிறார்கள். கடலணை மேல் 8.5 கி.மீ., கியர் இல்லாத சாதா வண்டி, புயல் அறிவிப்பு வந்தால்தான் போட்டி. நம் ஊரில் பால் கேன் கட்டி மிதிப்பவர்களை அனுப்பினால் கோப்பை நமக்குத்தான்.

தம்பி பெட்டியில் டயர், டியூப் எதுவும் வைக்க வேண்டாம். கடையில் இருக்கும் 15 எம்எம் ரிங் ஸ்பேனர் ஒன்று கொடுத்து அனுப்புங்கள். இங்கே ஆக்சில் நட் பெரும்பாலும் அந்த அளவுதான். பஞ்சர் ஒட்டும் நல்ல சொல்யூஷன் டியூப் இரண்டு வைக்கலாமா என்று விமானக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தீப்பற்றும் சாமான் என்று எடுத்துவிடக்கூடும். அம்மாவிடம் கை முறுக்கு கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்